ஆறாவது பெட்டியில் கழுவாத கல்

அந்த மதியம் நான் கல் கழுவிக்கொண்டிருந்தேன்.

கே.கே. நகரில் எங்கள் லேபின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கையில் கம்பி பிரஷ்ஷும் இன்னொரு கையில் கல்லுமாக உட்கார்ந்திருந்தேன். ஐந்து மரப்பெட்டிகள் கழுவி முடிந்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. ஆறாவது பெட்டி என் காலடியில். வாளி நிறைய சோப்பு நுரை. பக்கத்து மண்டபத்தில் ஏதோ கல்யாணம். ரசம் தாளிக்கிற வாசனை மதிலைத் தாண்டி வந்தது.

கழுவுகிற வேலையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பால் பாத்திரத்தைத் தேய்த்துத் தேய்த்தே ஓட்டை போடுகிறவள் என்று அம்மா என்னைச் சொல்லுவாள். சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

அப்போதுதான் அன்வர் பாய் சைட்டிலிருந்து வந்தார். பூமியில் துளைபோட்டு, உள்ளே இருக்கிற கல்லை உருளை உருளையாக வெளியே எடுக்கிற டிரில்லர் அவர். நான் கழுவிக்கொண்டிருந்த ஆறு பெட்டிக் கல்லும் அவர் எடுத்தவைதான். வந்தவர் பெட்டிகளைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா மேடம், எல்லாத்தையும் கழுவிட்டீங்களா?"

"பின்னே? போன தடவை பெட்டியைப் போட்டோ எடுத்தப்போ சேறுதான் தெரியறதுன்னு எவ்வளவு திட்டு வாங்கினேன். இப்போ பாருங்கோ, எப்படிப் பளபளன்னு இருக்கு!"

அவர் குனிந்து, ஆறாவது பெட்டியில் நான் இன்னும் தொடாத பக்கத்திலிருந்து ஒரு துண்டை எடுத்தார். எடுத்த இடத்தில் ஒரு மரக்கட்டையை வைத்தார். ஒரு துண்டை எடுத்தால் அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். கல்லைச் செய்தித்தாளில் சுற்றி என் கைப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"உங்க வூட்டுக் கதவு காத்துல அடிச்சிக்கினே கீதுன்னு சொன்னீங்க இல்ல? முட்டுக் குடுக்க ஆவும். இத மட்டும் கழுவாதீங்க."

"முட்டுக் கல்லைப் போய் யாராவது கழுவுவாளா?" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. அவர் போன பிறகு ஆறாவது பெட்டியில் மிச்சமிருந்ததையும் கழுவி முடித்தேன்.

கல் உடைக்கிற உத்தியோகம்

நான் என்ன வேலை பார்த்தேன் என்று இந்தத் தொடரில் முன்பே சொல்லியிருக்கிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக மறுபடியும் ஒரு வரி: நான் கல் உடைத்தேன். சம்மட்டியால் அல்ல, மெஷினால்.

கட்டடமோ சுரங்கமோ வருவதற்கு முன்னால், அங்கே அடியில் இருக்கிற பாறை எவ்வளவு பாரம் தாங்கும் என்று தெரிய வேண்டும். டிரில்லர் எடுத்து அனுப்புகிற உருளைக் கல்லை நாங்கள் 'கோர்' என்போம். அதை அளவாக அறுத்து, இரண்டு முனையையும் மட்டமாகத் தேய்த்து, இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே நிறுத்தி, மெதுவாக அழுத்திக்கொண்டே போவோம். ஏதோ ஒரு அழுத்தத்தில் அது உடையும். அந்த எண்ணை எழுதுவேன். இருபது வருஷத்துக்கு மேல் இதையே செய்தேன்.

விரிசலே இல்லாத கருங்கல் சும்மா உடையாது. கடைசிவரைக்கும் அமைதியாக நின்றுவிட்டு, 'டப்' என்று வெடிக்கும். மெஷினின் வலைக்கதவைப் போட்டிருந்தும் நான் ஒவ்வொரு தடவையும் திடுக்கிடுவேன். வெடித்த பிறகு ஒரு வாசனை வரும். தீபாவளி மறுநாள் காலையில் தெருவில் இருக்குமே, கிட்டத்தட்ட அந்த வாசனை.

கல்யாணம் செய்துகொள்ளாமல் இப்படிக் கல்லோடு உட்கார்ந்திருக்கிறாளே என்று மாம்பலத்துச் சித்தி போகிற விசேஷத்தில் எல்லாம் புலம்புவாள். அதனாலேயே விசேஷங்களுக்குப் போவதை நிறுத்தினேன். பிறகு யாரும் கூப்பிடுவதும் நின்றது.

சாய்ந்த விரிசல்

விரிசல் இருக்கிற கல்லைப் பற்றி இந்த இடத்தில் சொல்லாவிட்டால் மேலே சொல்லப்போவது புரியாது.

கல்லில் விரிசல் இருந்தாலே பலம் போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். அது சரியில்லை. விரிசல் படுக்கையாக இருந்தால், மேலேயிருந்து அழுத்தும்போது இரண்டு பாதியும் இன்னும் நெருங்கி உட்காரும், பெரிய சேதமில்லை. செங்குத்தாக இருந்தாலும் ஓரளவு நின்றுவிடும். சாய்வாக இருந்தால்தான் ஆபத்து. மேல்பாதி கீழ்ப்பாதியின்மேல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். வெடிக்கிற சத்தம்கூட இருக்காது. 'சர்ர்' என்று ஒரு உரசல், அவ்வளவுதான். முழுக் கல் தாங்குகிறதில் கால்வாசிகூடத் தாங்காமல் போன கற்களை என் கையாலேயே நிறுத்தியிருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. அதே சாய்ந்த விரிசல் உள்ள கல்லை ஒரு ரப்பர் உறையில் போட்டு, சுற்றிலும் எண்ணெயை நிரப்பி, எல்லாப் பக்கத்திலிருந்தும் அழுத்தம் கொடுத்து, அதன் பிறகு மேலேயிருந்து அழுத்தினால் அது நன்றாகவே தாங்கும். எண்ணெயின் அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட, விரிசல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்குப் போகும். பூமிக்குள் பாறை அப்படித்தான் இருக்கிறது. அக்கம்பக்கத்துப் பாறைகள் அதை நெருக்கிப் பிடித்திருக்கின்றன.

அம்மா இறந்துபோன வருஷம் இதை நினைத்துக்கொண்டேன். அவள் இருந்தவரை எனக்குள் என்னென்ன விரிசல்கள் இருந்தன என்று எனக்கே தெரியாது. அவள் போன பிறகுதான் ஒவ்வொன்றாக வழுக்க ஆரம்பித்தது. மந்தைவெளியில் இரண்டாம் மாடி, ஒரு படுக்கையறை, ஒரு ஹால். அரை லிட்டர் பால் இரண்டு நாளைக்கு வந்தது. மதியத்துக்கு மேல் கடல்காற்று வீசத் தொடங்கும். படுக்கையறைக் கதவு அடித்துக்கொள்ளும். வீட்டில் வேறு சத்தமே கிடையாது.

ஆறு மணிக்கு ஒரு போன்

எனக்குத் தினமும் ஒரே ஒரு போன் வரும். சாயங்காலம் ஆறு மணிக்கு, என் பஸ் பனகல் பார்க்கை நெருங்கும்போது.

"மேடம், இன்னிக்கு மூணு பெட்டி. நாளைக்கு வண்டில வரும்."

"சரி பாய். உங்க நேத்துக் கல்லு வெடிச்சுது. நூத்துப் பதினெட்டு."

"நல்ல கல்லு மேடம் அது. எடுக்கும்போதே தெரிஞ்சிச்சு."

அவ்வளவுதான் பேச்சு. அவர் பெட்டி எண்ணிக்கை சொல்லுவார். அவர் எடுத்த கல் எதில் உடைந்தது என்று நான் சொல்லுவேன். எந்த டிரில்லரும் இதைக் கேட்டதில்லை. கல்லை அனுப்பினால் அவர்கள் வேலை முடிந்தது. அன்வர் பாய்க்கு மட்டும் தெரிந்தாக வேண்டும். அவர் கேட்பாரே என்பதற்காகவே நான் பஸ்ஸில் ஏறுவதற்கு முன் எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். என்னிடமிருந்து ஒரு தகவல் வேண்டுமென்று உலகத்தில் ஒரு ஆள் காத்திருந்தார். அது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது என்பதை இப்போது வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

அவருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. குழாயிலிருந்து கல்லை உருவும்போது சில சமயம் அது கையோடு உடைந்துவிடும். அப்படி உடைந்தால், அந்த உடைப்பின் இரண்டு பக்கத்திலும் சிவப்புப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போடுவார். 'இது நான் உடைச்சது' என்று அர்த்தம். குறி இல்லாத உடைப்பு எல்லாம் பூமிக்குள் ஏற்கெனவே இருந்த விரிசல். நிறைய டிரில்லர்கள் இந்தக் குறியைப் போட மறந்துவிடுவார்கள். பாய் ஒரு தடவைகூட மறந்து நான் பார்த்ததில்லை.

குறி இல்லாவிட்டாலும் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பூமியில் இருந்த விரிசலுக்குள் பல காலமாகத் தண்ணீர் இறங்கியிருக்கும். அதனால் உடைந்த பரப்பில் (அதை 'முகம்' என்போம்) துருப்பிடித்த பழுப்புக் கறை இருக்கும். சிலதில் களிமண் படிந்திருக்கும். புதிதாக உடைந்த முகம் சுத்தமாக, மினுமினுவென்று இருக்கும்.

வாசகர்களுக்கு இப்போது புரிந்திருக்கும், நான் அந்த மதியம் என்ன காரியம் செய்தேன் என்று.

துளைபோடும்போது ஊற்றுகிற சேற்றுநீரும் பழுப்புதான். அந்தத் தடவை எல்லாக் கல்லின் மேலும் அது அப்பிக்கொண்டு வந்திருந்தது. நான் எல்லாவற்றையும் சேறு என்று நினைத்தேன். நனைத்துத் துடைத்தால் போதும் என்பதுதான் முறை. கம்பி பிரஷ்ஷும் சோப்புத்தூளும் என் சொந்த ஆர்வம்.

"முகம் சுத்தமா இருக்கு"

ஒரு வாரம் கழித்து லேபில் கூட்டம். அடையாறு பக்கத்தில் ஒரு பெரிய பள்ளம் தோண்டுவதற்கான வேலை அது. சைட்டிலிருந்து இரண்டு இன்ஜினீயர்கள், எங்கள் மேனேஜர், நான். அன்வர் பாயையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவருக்கு யாரும் நாற்காலி காட்டவில்லை, கதவோரமாக நின்றார். ஆறு பெட்டியையும் மேஜைமேல் பரப்பி வைத்திருந்தோம்.

கல் துண்டு துண்டாக இருந்தது. பாறையே அப்படி விரிசலோடு இருந்தால் பள்ளத்தின் சுவருக்கு நிறைய முட்டுக் கொடுக்க வேண்டும், வேலை நீளும். டிரில்லர் கைப்பிசகால் உடைத்திருந்தால் அந்தக் கவலை இல்லை. எல்லோரும் எதை விரும்பினார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

"இத்தனை உடைப்பும் நீ உடைச்சதுதானே?" என்று பாயைக் கேட்டார் வந்தவர்களில் ஒருவர்.

"இல்ல சார். நான் ஒடச்சதுல செவப்புக் குறி போட்டுருப்பேன். மத்ததெல்லாம் உள்ளயே இருந்தது."

"குறியா? ஒண்ணுலகூடக் காணோமே!"

குறிகளும் பிரஷ்ஷோடு போயிருந்தன. நன்றாக உற்றுப் பார்த்தால் ஒன்றிரண்டில் லேசாகச் சிவப்பு தெரிந்தது. யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. உடைஞ்ச முகத்துல கறை ஏதாவது இருக்கா?"

நான் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தேன். இன்னொன்றை எடுத்துப் பார்த்தேன்.

"முகம் சுத்தமா இருக்கு சார்" என்றேன்.

அது பொய்யில்லை. சுத்தமாகத்தான் இருந்தது. நான்தான் கழுவினேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். புரியவில்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அதற்குள் மேனேஜர் ஆறாவது பெட்டியிலிருந்த மரக்கட்டையைத் தட்டினார்.

"இந்த இடத்துத் துண்டு எங்கே?"

அது என் வீட்டில், என் படுக்கையறைக் கதவடியில் இருந்தது. ஆபீஸ் கல்லை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனவள் என்று ஆகிவிடுமே என்ற பயம் எனக்கு. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டெஸ்ட்ல போட்டேன் சார். உடைஞ்சுபோச்சு."

கதவோரம் நின்றிருந்த அன்வர் பாய் என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன்.

"கல் நல்ல கல்தான், ஆள்தான் சரியில்லை" என்று சொல்லி அவர்கள் ஃபைலை மூடினார்கள். பிறகு நல்ல துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கி, அறுத்து, நான்தான் டெஸ்ட் செய்தேன். எல்லாம் வெடித்தன. எல்லாம் நல்ல எண்கள். அதில் சாய்ந்த விரிசலோடு வந்த ஒன்று மட்டும் உரசி இறங்கியது. 'விரிசல்மேல் உடைந்தது, செல்லாது' என்று எழுதிவிட்டு வேறு கல் எடுக்கச் சொன்னார் மேனேஜர். அப்படித்தான் எப்போதும் செய்வோம். அந்தத் தடவையும் செய்தேன்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பாயை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று டிரைவர் சொல்லித் தெரிந்தது. பனகல் பார்க் தாண்டும்போது போனைக் கையில் எடுத்து வைத்துக்கொள்கிற பழக்கம் மட்டும் என்னைவிட்டுப் போக மாட்டேன் என்றது.

ஒரு பக்கம் திறந்தபோது

பள்ளம் தோண்டினார்கள். சில மாதம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு விடிகாலை, ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில், ஒரு பக்கத்துச் சுவர் பாறை அப்படியே வழுக்கிக்கொண்டு இறங்கியது. கீழே அப்போது யாரும் இல்லை. அந்த ஒரு செய்திக்காக நான் கபாலி கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டேன்.

அதைப் பார்க்கவும் போயிருந்தேன். மிச்சமாக நின்ற சுவரில் ஒரு பெரிய சாய்தளம். மேலிருந்து கீழ்வரை ஒரே பழுப்புக் கறை. அந்தப் பாறை பல காலம் அந்த விரிசலோடுதான் இருந்தது, நெருக்கிப் பிடிக்க அக்கம்பக்கம் இருந்ததால் நின்றது. நாம் ஒரு பக்கத்தைத் தோண்டித் திறந்துவிட்டோம். பிடிமானம் போனதும் இறங்கிவிட்டது.

இரும்புக் கம்பிகளைப் பாறைக்குள் இறக்கி, சுவரைக் கட்டிப்பிடித்து, வேலையை முடித்தார்கள். விரிசல்கள் பூமியில் இருந்தவைதான் என்று அப்போது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. ஆனால் அதையும் அன்வர் பாயையும் சேர்த்து யாரும் பேசவில்லை. 'கல்லை உடைக்கிற டிரில்லர்' என்ற பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. கோர் எடுக்கிற வேலைக்கு யாரும் அவரைக் கூப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அப்போதே நான் அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ராயப்பேட்டையில் ஒரு சந்து என்று தெரியும். மந்தைவெளியிலிருந்து ஆட்டோவில் கால் மணி நேரம். போகவில்லை. இன்று போகலாம், ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று ஏழெட்டு வருஷம் போய்விட்டது. நடுவில் ரிட்டயரும் ஆனேன்.

உறைக்குள்

அந்த முட்டுக் கல்லை நான் சும்மா வைக்கவில்லை. மொசைக் தரை கீறிவிடுமே என்று, அம்மாவின் பழைய நூல்புடவையைக் கிழித்து அதற்கு ஒரு உறை தைத்தேன். பாய் சுற்றிக்கொடுத்த செய்தித்தாளைப் பிரிக்காமல் அப்படியே உள்ளே போட்டு, வாயையும் மூடித் தைத்துவிட்டேன். என் சுத்தம் எனக்கு அப்படி. மாதம் ஒரு தடவை உறையோடு தட்டித் தூசி எடுப்பேன்.

இந்த வருஷம் பொங்கலுக்கு முன்னால் சமையலறைக் குழாய் ஒழுகி ஹால் முழுக்கத் தண்ணீர். உறை நனைந்து நாற்றம் அடிக்க ஆரம்பித்தது. துவைத்துப் போடலாம் என்று தையலைப் பிரித்தேன். செய்தித்தாள் ஈரத்தில் கையோடு உரிந்து வந்தது.

கல்லின் ஒரு முனை சாய்வாக உடைந்திருந்தது. அந்த முகம் முழுக்கப் பழுப்புத் துரு. ஓரத்தில் பச்சை கலந்த களிமண் கெட்டியாகப் படிந்திருந்தது. கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தேன். களிமண் விரலில் வந்தது, துரு வரவில்லை. சிவப்புக் குறி எங்கேயும் இல்லை.

ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பாய் எனக்குக் கதவுக்கு முட்டுத் தரவில்லை. நான் கழுவி அழித்ததில் மிச்சமிருந்த ஒன்றைக் காப்பாற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவரைக் கேள்வி கேட்டபோது அதை நான் எடுத்துக் காட்டுவேன் என்று கதவோரம் நின்றிருக்கிறார். நான் உடைந்துபோச்சு என்றேன்.

அழுதேன். கூட அழவோ, அழாதே என்று சொல்லவோ யாரும் இல்லாததால் நேரம் போனது தெரியவில்லை. பிறகு எழுந்து தரையைத் துடைத்தேன்.

பட்டன் தைக்கிறவர்

மறுநாள் காலை கல்லைப் பையில் போட்டுக்கொண்டு ராயப்பேட்டைக்குப் போனேன். இரண்டு இடத்தில் விசாரித்ததும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். வாசல் அறையில் அவர் மகள் ஷமீம் ஒரு தையல் கடை வைத்திருக்கிறாள். உள்ளே வெளிச்சத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, அன்வர் பாய் ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். இரும்புக் குழாய்களைத் தோளில் தூக்கிய அந்தப் பெரிய கைகளில் ஊசி இருக்கிறதா என்றே தெரியவில்லை.

நிமிர்ந்து பார்த்தார். உடனே அடையாளம் தெரிந்துகொண்டார்.

"வாங்க மேடம். உக்காருங்க. ஷமீம், டீ எடுத்தா."

நான் உட்காரவில்லை. பையைத் திறந்து கல்லை எடுத்து, அவர் முன்னால் இருந்த துணிமேல், கறை படிந்த முகம் தெரியும்படி வைத்தேன். அவர் ஊசியைச் சட்டைக் காலரில் குத்தி வைத்துவிட்டு, கல்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"ஒடஞ்சிபோச்சுன்னு சொன்னீங்களே மேடம்."

"பொய் சொன்னேன் பாய்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"எந்தக் கல்லு ஒடஞ்சாலும் அன்னிக்கே சாயங்காலம் எவ்ளோல ஒடஞ்சிச்சுன்னு சொல்லுவீங்க. இதுக்கு மட்டும் சொல்லல. அப்ப இது ஒடயல, பத்திரமாத்தான் கீதுன்னு தெரிஞ்சிக்கினேன்."

ஷமீம் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்களே இதை அன்னிக்குக் காட்டியிருக்கலாமே பாய்? ஏன் என்கிட்டக் குடுத்தேள்?"

"டிரில்லர் கையில கீற கல்ல எவன் மேடம் நம்புவான்? வேற எங்கருந்தோ எத்துக்கினு வந்தான்னுவான். லேப் மேடம் எடுத்துக் காட்டுனா அதுக்கப்பறம் யாரும் பேச முடியாது. அதுக்குத்தான்."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோர் வேலை போன பிறகு சில வருஷம் வீட்டுக் கிணறுகளுக்குப் போர் போட்டதாகவும், முட்டி போனதும் அதையும் விட்டதாகவும் ஷமீம்தான் சொன்னாள்.

"மன்னிச்சுக்கோங்கோ பாய்" என்றேன். ஏழெட்டு வருஷம் சுமந்துகொண்டு வந்த வார்த்தை, சொல்லி முடித்தபோது ரொம்பச் சின்னதாக இருந்தது.

அவர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கட்டுப் பத்திரிகையை எடுத்தார். இதே வாரப் பத்திரிகை. நான் இந்தத் தொடரை ஆரம்பித்த வாரத்திலிருந்து எல்லாம் வரிசையாக இருந்தது.

"நீங்க எழுதுறத ஷமீம் வாரா வாரம் படிச்சிக் காட்டுது. மெஷின் ரிப்பேர் ஆனத எழுதுனீங்க. கேன்டீன் போண்டாவ எழுதுனீங்க. உங்கம்மாவப் பத்தி எழுதுனப்போ எனக்கே கண்ல தண்ணி வந்துச்சு. இந்த வாரம் இது வரும், அடுத்த வாரம் வரும்னு நானும் கேட்டுக்கினே கீறேன்."

டீ ஆறி ஏடு கட்டிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எழுதறேன் பாய்."

"எழுதுனா பொதுவா எழுதாதீங்க மேடம். பெட்டி நம்பர் போட்டு எழுதுங்க."

கிளம்பும்போது கல்லை எடுக்கக் கை நீட்டினேன். அவர் தன் பெரிய கையை அதன்மேல் வைத்துக்கொண்டார்.

"கதவுக்கு வேற எதுனா பாத்துக்குங்க."

வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். கதவு அடித்துக்கொண்டே இருக்கிறது. எழுந்து போய் நிறுத்தவில்லை. ரிப்போர்ட்டில் கடைசிக் கட்டத்துக்குக் 'குறிப்பு' என்று பெயர். அன்று அதைக் காலியாக விட்டேன். அதில் எழுதியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

பெட்டி ஒன்று முதல் ஆறு வரை. எடுத்தவர் அன்வர் பாய். சிவப்புக் குறி போட்ட உடைப்புகள் மட்டுமே அவர் உடைத்தவை. மற்றவை எல்லாம் பூமியில் இருந்தவை. ஆறாவது பெட்டியில் மரக்கட்டை இருந்த இடத்துத் துண்டு உடையவில்லை. அதை நான் டெஸ்ட் செய்யவே இல்லை. முகங்கள் சுத்தமாக இருந்ததற்குக் காரணம், அவற்றைக் கழுவியது நான்.